இடது பட்டன்

கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் உதிர்ந்து நீலம் வந்தது. நீலத்துக்கு அடியில் பழுப்பு. பழைய இயந்திரக் கிடங்கில் ஆறு வருஷமாகப் பெயிண்ட் சுரண்டுகிறவள் அவள். ஒரு மெஷின் எத்தனை கை மாறியது என்று தோலை உரித்தே சொல்லிவிடுவாள். இந்தத் தகடு வெட்டும் பிரஸ் மூன்று கை பார்த்தது.

முன்பக்கத்தில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கைகள் பட்டனில் இருந்தால் கத்திக்கு அடியில் இருக்காது என்பதற்கான ஏற்பாடு. வலது பட்டன் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது. இடது பட்டனைக் காணவில்லை. சுரண்டினாள். பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஒரு மரக்கட்டை செருகியிருந்தது. மூன்று நிறத்தையும் கட்டையோடு சேர்த்தே பூசியிருந்தார்கள். நெம்பி எடுத்தபோது, உள்ளே இருந்த பட்டன், கடையிலிருந்து வந்த அன்று போலப் பளபளத்தது.

மெஷினின் அடியில் இருந்த கருவிப் பெட்டியில் தோல் கையுறை ஒன்று கிடந்தது. இடது கைக்கானது, ஜோடி இல்லை. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் உள்ளே மடித்து யாரோ வீட்டு ஊசியால் பொடித் தையலாகத் தைத்திருந்தார்கள். அவள் அதைத் தன் பைக்குள் வைத்தாள்.

"என்னம்மா, மெஷினுக்குச் சடை பின்றியா? சாயங்காலம் லாரி வந்துடும்" என்றபடி மேஸ்திரி வந்தார்.

"அண்ணே, இதுல கட்டை செருகி வெச்சிருக்காங்க."

"எடுத்த எடத்துலயே வை. வாங்குறவங்க அப்படியேதான் கேட்டாங்க. ஒத்தக் கையில அமுக்கினா ரெண்டு மடங்கு உருப்படி வரும்ல."

"யாரு வாங்குறாங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பூட்டுக் கம்பெனி."

பிரஷ் நின்றது. அவளுடைய நாத்தனார் திங்கட்கிழமை அங்கேதான் வேலைக்குச் சேருகிறாள்.

மேஸ்திரியின் தலை மறைந்ததும் கட்டையைச் சாக்கடையில் போட்டாள். பச்சைப் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் இடது பட்டனை அழுத்திப் பார்த்தாள். உள்ளே போய்த் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். வந்தது.

திங்கட்கிழமை அவள் வீடு திரும்பியபோது நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் எதையோ வைத்து ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படிடீ இருக்கு வேலை?"

"அண்ணன் கொறட்டைக்கு அந்த மெஷின் சத்தம் எவ்வளவோ மேல், அண்ணி. பச்சைக் கலர்ல பளிச்சுன்னு ஒண்ணு வந்திருக்கு. என்னைத்தான் உக்கார வெச்சாங்க."

"ரெண்டு கையாலதானே அமுக்குற?"

"காலையில அப்படித்தான். மத்தியானம் சூப்பர்வைசர் புதுசா ஒரு கட்டை செதுக்கி அடிச்சுட்டாரு. இப்ப வலது கை அமுக்கும், இடது கை தகடு தள்ளும்."

"நாளைக்குப் போகாத."

"நல்லாச் சொன்னீங்க. நாலு மாசம் செருப்புத் தேய அலைஞ்சு கெடைச்ச வேலை. நான் எந்திரிச்சா உக்கார, கம்பெனி கேட்டுல பத்துப் பேரு நிக்குறாங்க." ஊசி நிற்கவில்லை. "கையுறை நாமளே கொண்டு போகணுமாம். ஒங்க பையில ஒண்ணு கெடந்துச்சு. எந்தப் புண்ணியவதியோ வேலை இல்லாம வெரலைத் தைச்சு வெச்சிருக்கா."

கடைசித் தையல் அறுந்தது. மடிந்து கிடந்த இரண்டு விரல்களும் மெல்ல நிமிர்ந்தன. மற்ற மூன்றும் கறுத்திருக்க, அவை மட்டும் புதுத் தோலாக இருந்தன. நாத்தனார் கையை நுழைத்து ஐந்து விரல்களையும் மடக்கி விரித்தாள்.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு, பாருங்க."