சுவரைப் பார்த்த முகம்

ஃபிட்டர் தன் பூட்டை மாட்டினால், அதில் ஒட்டியிருக்கும் அவர் படம் வெளியே பார்க்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் மாற்றி மாட்டியதில்லை. அப்படிப்பட்டவர் அன்று மத்தியானம் நான்காம் டிரம்மிலிருந்து ஏறி வெளியே வந்தபோது, பூட்டில் இருந்த அவர் முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்பவர்கள் அந்த உர ஆலையில் வேலை செய்திருக்க மாட்டார்கள். டிரம்முக்குள் ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்புத் துடுப்புகள் இருக்கும். உரம் இறுகிப் பாறையாகிவிட்டால் ஒருவர் உள்ளே இறங்கிச் சுத்தியலால் உடைத்தெடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டியவர்தான் திறக்கலாம். மற்றவன் பூட்டில் கை வைத்தவன் அந்த நிமிஷமே கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டியதுதான். உள்ளே ஆள் இருக்கும்போது துடுப்பு ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன மிஞ்சும் என்று யாரும் பேசுவதில்லை.

ஆக, அவர் உள்ளே இருந்த நேரத்தில் யாரோ அந்தப் பூட்டைத் திறந்து, மறுபடி மாட்டியிருக்கிறார்கள். சாவி கழுத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அப்படியானால் இன்னொரு சாவி எவனிடமோ இருக்கிறது.

பாதுகாப்பு அதிகாரியிடம் போனார். குளிரூட்டிய அறைக்குள்ளும் தலையிலிருந்து பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றாத மனிதர் அவர். ஆலை முழுக்க அவருக்கு 'ஹெல்மெட்' என்றுதான் பெயர். மேசைமேல் இருந்த மாதிரிப் பூட்டை எடுத்து ஆட்டினார். அதில் சிரித்த முகமாக அவருடைய படம் இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடிதான் எல்லாருக்கும் புதுப் பூட்டு கொடுத்திருக்கோம். ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு உயிர். பயிற்சியில சொன்னேன்ல?"

"திருப்பி மாட்டியிருந்துச்சு சார்."

"காத்துல திரும்பியிருக்கும்."

அரைக்கிலோ பூட்டைத் திருப்புகிற காற்று அந்த ஆலையில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. கேட்டில் ஒரு பலகை தொங்கியது. விபத்தே இல்லாமல் தொள்ளாயிரத்துப் பதினான்கு நாள் ஓடியிருப்பதாக அதில் எழுதியிருந்தது. ஆயிரமாவது நாளன்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வரப்போகிறார்களாம். அதுவரை ஹெல்மெட் எந்தப் புகாரையும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்பது ஃபிட்டருக்குப் புரிந்தது.

சரி, யார் செய்திருப்பார்கள்? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பூட்டைப் படம் உள்பக்கம் போகிற மாதிரி மாட்டுகிறவன் அந்தப் பகுதியில் ஒரே ஒருவன்தான். அவன் இடது கைக்காரன். ஃபிட்டர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இவரே சிபாரிசு பிடித்து உள்ளே சேர்த்துவிட்ட மச்சினன். காலியாக இருக்கிற, ஒரு படி மேலான சார்ஜ்மேன் வேலைக்கு இவரோடு மனுப் போட்டிருப்பவனும் அவன்தான்.

அன்றிலிருந்து பையனின் போக்கும் சரியில்லை. நேருக்கு நேர் முகம் பார்க்க மாட்டேன் என்கிறான். ஆனால் கேட்காமலே டீ வாங்கிக் கொண்டுவந்து நீட்டுகிறான். ஃபிட்டர் அதை வாங்கி, அவன் திரும்பியதும் சாக்கடையில் கொட்டினார். ஒருநாள் பழப்பையோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வாங்களேன்."

"எதுக்கு? நீ சார்ஜ்மேன் நாற்காலில உக்காந்து பாக்கவா?"

அவன் பழப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏங்க, அவன் உங்களுக்கு என்ன பண்ணான்? இல்லாததும் பொல்லாததும் மனசுல வச்சுக்கிட்டுப் பேசறீங்க."

"உன் தம்பிய நீதான் மெச்சிக்கணும்" என்றார். கூடப்பிறந்தவன் தன் தாலிக்கே உலை வைக்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்பினால் அதைவிட மோசம்.

எல்லாவற்றையும்விட எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. இவர் டிரம்முக்குள் இறங்கும்போதெல்லாம் அவன் சுவிட்சுப் பக்கம் வந்து நின்றான். தலையை நீட்டிப் பார்த்தால் அங்கேதான் இருப்பான், கையைக் கட்டிக்கொண்டு. "உனக்கு வேலை இல்லயா? போடா அந்தப் பக்கம்" என்று கத்துவார். போவான். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வருவான். ஃபிட்டர் உள்ளே சுத்தியலை ஓங்கும் ஒவ்வொரு தடவையும் காதை வெளியே வைத்திருந்தார். ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ராத்திரியில் தூக்கம் போயிற்று.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவன் சுவிட்சுப் பக்கம் வரவில்லை. அதுவே ஃபிட்டருக்குப் பயத்தைக் கிளப்பியது. வேலையை அரையும் குறையுமாக முடித்து அவசரமாக ஏறி வந்தார். சுவரில் தொலைபேசி அலறியது. மேற்பார்வையாளர்.

"முடிஞ்சுதா? முடிஞ்சா உடனே ஓட்டுய்யா, லோடு நிக்குது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். சுவிட்சு வரிசையில் ஒரு பூட்டு சுவரைப் பார்த்துத் தொங்கியது.

மறுபடியும் கை வைத்துவிட்டான்! இத்தனை நாள் காத்திருந்தது வீண்போகவில்லை. எரிமூச்சோடு போய்ப் பூட்டைப் பிடித்தார், சாவியைக் குத்தினார், திருகினார். திறந்துகொண்டது. பூட்டைப் பிடுங்கி இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையைக் கைப்பிடியில் போட்டார்.

டொக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு டொக்.

சுத்தியல் சத்தம். டிரம்முக்குள்ளிருந்து வந்தது. அவர்தான் வெளியே வந்துவிட்டாரே, உள்ளே யார்?

கையிலிருந்த பூட்டைத் திருப்பினார். உரத்தூளைக் கட்டைவிரலால் துடைத்தார். மச்சினனின் முகம் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கைப்பிடிக்கு மேலே மூன்று என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில், நான்காம் சுவிட்சில், அவருடைய பூட்டு போட்டது போட்டபடி படம் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது.

கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. பூட்டை மறுபடி மாட்டிவிட்டுப் போய்விடலாம். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருந்தால் வேலை போகும். மாட்டவும் மாட்டினார். ஆனால் போகவில்லை. பூட்டைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

கால் மணி நேரம் கழித்து மச்சினன் தூசியோடு தூசியாக ஏறி வந்தான். ஃபிட்டர் பூட்டைக் காட்டி, தன் சாவியை அவன் கண்ணெதிரே அதில் போட்டுத் திறந்தார்.

"மாப்ள, இத உன்னோடதுன்னு பாக்காம திறந்துட்டேன்டா. கைப்பிடில கை வச்சுட்டேன்."

அவன் கோபப்படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நீங்களுமா மாமா?"

ஃபிட்டருக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு மூணுல வேலைய முடிச்சுட்டு வந்தேன். படமெல்லாம் தூசி. உங்க பூட்டத் திறந்துட்டேன். கைப்பிடியத் தூக்கப் போனப்ப உள்ள நீங்க இருமினீங்க. மாட்டிட்டு ஓடிட்டேன். வெளிய சொன்னா வேலை போயிடும், அக்காகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அதான் நீங்க இறங்கறப்பல்லாம் வந்து நின்னேன். இன்னைக்கு என்னையே உள்ள இறக்கிட்டாங்க."

சாக்கடையில் கொட்டிய டீயெல்லாம் ஃபிட்டருக்கு நினைவு வந்தது. அழுகை வந்தது. அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா என்கூட."

ஹெல்மெட் ஆயிரமாவது நாள் விழாவுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் கேட்காமலே மாதிரிப் பூட்டைக் கையில் எடுத்தார்.

"இதுக்கு எத்தனை சாவி சார்?"

"ஒண்ணுதான். என் டிராயர்ல இருக்கு."

ஃபிட்டர் தன் கழுத்துச் சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு வாயைத் திறந்தது. அதை அழுத்தி மூடி மச்சினனிடம் நீட்டினார். அவன் தன் சாவியால், இடது கையால், திறந்து மேசைமேல் வைத்தான். அதிகாரியின் படம் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஹெல்மெட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மொத்தமா வாங்கினதுல... இத வெளிய பேசவேண்டாம். நிதானமா பாத்துக்கலாம்."

"இப்ப இந்த ஆலையில எத்தனை பேர் உள்ள இறங்கியிருக்காங்க சார்?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "பதினொரு பேர்."

ஃபிட்டர் சாத்திய கதவைத் திறந்தார்.

"மாப்ள, நீ கிழக்கு வரிசைக்குப் போ. நான் மேற்கு வரிசைக்குப் போறேன். எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தனையும் சுவிட்சுக்கிட்ட விடாத."