சின்ன மேசை

கோரினுக்கு வயது நாற்பத்தொன்று. வங்கியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். ஆனால் நவம்பரில் நன்றித் திருநாள், அதுதான் அமெரிக்கர்களின் தேங்க்ஸ்கிவிங் விருந்து, வந்துவிட்டால் அம்மா வீட்டில் அவளுக்கு இடம் சின்ன மேசையில்தான். சீட்டாடுகிற மடக்கு மேசை, குட்டி நாற்காலி, சுற்றிலும் அண்ணன் வீட்டு வாண்டுகள். தம்பி ட்வைட்டும் அங்கேதான். மேசைக்கு அடியில் முட்டி இடித்து இடித்தே வீங்கிப் போகும்.

பெரிய மேசைக்குப் பன்னிரண்டே நாற்காலி. ஒருவர் கண்ணை மூடினால்தான் அடுத்தவருக்கு இடம். தாத்தா போட்ட சட்டம். என்ன சட்டமோ, என்ன கண்றாவியோ! மாற்றத்தான் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

வருஷா வருஷம் வெண்டெல் மாமா அவளைச் சீண்டுவார். அம்மாவின் தம்பி, கல்யாணம் கட்டாத மனுஷர், சோளக்காடும் வாய்ப்பேச்சும்தான் அவர் சொத்து. "என்ன பொடிசு, பல்லு முளைச்சிருச்சா?" என்பார். போன வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சீக்கிரம் போய்ச் சேருங்க மாமா, நான் அங்க வந்து உக்காந்துக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வீடே சிரித்தது. மாமாதான் அதிகம் சிரித்தார்.

இந்தத் திங்கட்கிழமை மாமாவுக்கு மாரடைப்பு. அடைப்பை எடுத்தாகிவிட்டது, வியாழக்கிழமை விருந்துக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். புதன்கிழமை மறுபடி மூச்சுத் திணறல். கூட இருந்த ட்வைட்டின் போன் அதற்கப்புறம் அணைந்தே கிடந்தது. மருத்துவமனைக்குப் போட்டால், "டாக்டர் பாத்துக்கிட்டிருக்கார்" என்பதோடு சரி. தன் வாய்தான் மாமாவைச் சாய்த்துவிட்டது என்று கோரின் நம்பினாள். படித்தவள்தான். பயம் படிப்பைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

வியாழன் மத்தியானம் வான்கோழி வெந்து மேசைக்கு வந்தது. அம்மா மேக்சின், கோரினின் தட்டைக் கொண்டுபோய் மாமாவின் இடத்தில் வைத்தாள்.

"இங்க உக்காருடி."

"மாட்டேன்."

"அந்த நாற்காலி காலியா கிடக்கறத என்னால பாக்க முடியல." அம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

"நான் அதுல உக்காந்தா மாமா வரவே மாட்டாரும்மா!"

கத்தியேவிட்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு சின்ன மேசைக்கே வந்து, முட்டியை மடக்கித் திணித்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த நாலு வயது டெஸா அவள் மடியில் பாலைக் கொட்டினாள். அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். பெரிய மேசையில் ஆரம்பித்தார்கள். நல்ல மழைக்கு என்றார் ஒருவர், புதுக் கூரைக்கு என்றார் இன்னொருவர். கோரினின் முறை வந்தது. அவள் வாயைத் திறக்கவும் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

முதலில் ட்வைட் வந்தான். "சார்ஜரை மறந்துட்டேன்மா..." என்று ஆரம்பித்தவனை அம்மா கையிலிருந்த துண்டாலேயே ஓர் அடி வைத்தாள். அவன் பின்னால், மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டையோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து மாமா! கோரினுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மாமா தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஏய் பொடிசு, இடத்தைப் புடிச்சிருப்பேன்னு அடிச்சுப் புடிச்சு ஓடி வந்தா, இன்னும் அங்கயேதானா?"

"உங்க நாற்காலி யாருக்கு வேணும்? ஒரே ஆட்டம்" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உப்பு கூடாது, கொழுப்பு கூடாதுன்னு சொல்லித்தான் வீட்டுக்கு விட்டிருக்கான் டாக்டர். இவ வாய்க்கொழுப்ப மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்று முனகியபடி மாமா தன் இடத்தில் உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சென்றது.

"உன் முறைடி, சொல்லு" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"முட்டி உயிர் போற மாதிரி வலிக்குது" என்றாள் கோரின். "அதுக்கு நன்றி. அடுத்த வருஷமும் வலிக்கணும்."