இரண்டு குரல் சேரும் இடம்

“என் பாட்டு எப்படி இருந்துச்சுங்க?”

“நல்லா இருந்துச்சு.”

“எந்த எடம்?”

“எல்லா எடமுந்தான்.”

கல்யாணமான புதிதில் பிரிசில்லாவும் அந்தோணிசாமியும் பேசிக்கொண்டது இது. அவன் சொன்னது பொய் என்று அன்று அவளுக்குத் தெரியாது. பாட்டு என்றால் அவனுக்கு வார்த்தையும் தாளமும்தான். மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

ஆறு வருஷமாக அந்தப் பொய்யைக் காப்பாற்றி வந்தான். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பிரிசில்லாவும், பாடகர் குழுவில் இருந்த செம்பியனும் ஜோடியாகப் பாடுவார்கள். ஓரிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடுவார்கள். ஊரே உருகும். தனக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே என்னவோ நடப்பதுபோல அந்தோணிசாமிக்கு வயிறு எரியும். செம்பியன் தங்கமான ஆள். செம்மண்டலத்தில் அந்தோணிசாமி வைத்திருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு நாலு பேரை அனுப்பிவைத்தவன். அதனாலேயே இன்னும் எரிந்தது.

பிரிசில்லா சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. சேர்ந்தொலிக்கும் சுரங்களை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அவள் படிப்பு. ஒருநாள் பரிசோதனைக்கு வரவேண்டியவர் வராததால், கடையைப் பூட்டவைத்து இவனைக் கூட்டிப்போனாள். ஹெட்போனில் அவளும் செம்பியனும் சேர்ந்து ‘ஆ’ என்றார்கள், நாற்பது விதமாக. ஒவ்வொன்றின் இனிமைக்கும் ஒன்று முதல் ஏழு வரை மார்க் போட வேண்டும்.

தாளைப் பார்த்தவள் நிமிர்ந்தாள். “என்னங்க, எல்லாத்துக்கும் நாலு. அஞ்சு எடத்துல மட்டும் ஒன்னு. செம்பியன் மேல கோவமா?”

“அந்த அஞ்சும் நடுங்குச்சு. ரெண்டு மோட்டாரு ஒன்னா ஓடி, ஒன்னு கொஞ்சம் பின்தங்குனா உம்... உம்முனு வருமே, அப்படி.”

“அது கரெக்ட்தான். நெருங்கி நிக்கிற சுரம் ரெண்டும் மோதுற நடுக்கம் அது. ஆனா ரெண்டு குரலும் பொருந்தி ஒன்னாவுதே, அது கேக்கலயா? சில பேரு மூளை அத எடுத்துக்காது.”

“கேட்டதே இல்ல, பிரிசி.”

“அப்ப இத்தன வருஷமா நல்லா இருந்துச்சுன்னது?”

“உன்னப் பாத்துக்கிட்டு இருந்தேன். அது நல்லாத்தான இருந்துச்சு.”

ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும், ஆறு வருஷமாகக் கேட்க நினைத்ததை அவன் கேட்டுவிட்டான்.

“நீங்க ரெண்டு பேரும் கண்ண மூடுற எடம் இருக்குல்ல. இந்த ஞாயித்துக்கிழம நான் உன் பக்கத்துல நின்னுக்கறேன். அந்த எடம் வந்ததும் என் கைய லேசா அமுத்து. எனக்கும் தெரியணும்.”