நோகாத கால்

கொலின்ஸ் அண்ணையின் வலது காலைத் தின்றவன் நான்தான். ஆஸ்பத்திரியில் அதை வெட்டிய வைத்தியர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

1999ஆம் ஆண்டு. முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வற்றாப்பளையில் சைக்கிள் திருத்தும் கடை போட்டிருந்தேன். கொலின்ஸ் அண்ணை முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். முதுகில் செல் துண்டு பட்ட நாளிலிருந்து அவருடைய வலது கால் செத்துக் கிடந்தது. பலமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. களப்புக்குள் நின்று வீச்சுவலை எறிந்த மனிதர் முற்றத்துக் கதிரையோடு முடங்கிப்போனார்.

"ஜெயந்தன், என்னை ஒருக்கா நிமித்தி விடடா," என்றார்.

பழைய சைக்கிள் குழாய்களை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பூட்டி, முழங்காலை நிமிர்த்த சீற் ஸ்பிரிங்குகளைக் கொழுவினேன். சனம் அதற்கு 'இரும்புக் காற்சட்டை' என்று பெயர் வைத்தது. அவர் எழுந்து நின்றபோது அவர் மனைவி றோஸ்மேரி அக்கா அழுதே விட்டார். எனக்கோ தலைகால் தெரியாத பெருமை. அன்றிலிருந்து அவர் வலையில் படும் நல்ல மீனெல்லாம் என் வீட்டுக்கு வந்தது.

இரும்பு வழுகும்போதெல்லாம் கணுக்காலில் பூட்டிய திருகாணியை இன்னொரு சுற்று இறுக்குவேன்.

"அண்ணை, நோகுதோ?"

"ஒரு நோவும் இல்லையடா."

நிற்கும் ஆசையில் அவர் அதைக் கழற்றுவதே அரிது. ஒன்றரை மாதம் கழித்து றோஸ்மேரி அக்கா கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, அவற்ற கால் மணக்குது."

போய்க் கழற்றினேன். ஆணித்தலை கணுக்காலைத் தின்று எலும்புவரை போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுத்து, அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்கப் போனேன். அவர் என்னைத் தேற்றினார்.

"அழாதை. ஒண்டரை மாதம் நிண்டு வலை எறிஞ்சனான். நீயும் ஒவ்வொரு நாளும் நோகுதோ எண்டு கேட்டனிதானே."

அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணை, உங்களுக்குப் பூட்ட முதல் என்ர காலிலை போட்டுப் பாத்தனான். அந்த ஆணி குத்தினதிலை பத்து நிமிசம் நிக்க ஏலேல்லை. உங்களுக்கு நோவு தெரியாதுதானே எண்டு விட்டிட்டன்."

அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே சட்டி பானைச் சத்தம் கேட்டது.

"றோஸ்மேரிக்குச் சொல்லிப்போடாதை," என்றார். "அவா உனக்கும் சேத்துத்தான் சமைக்கிறா."

அக்கா கோப்பையில் சோறும் மீன்கறியும் கொண்டுவந்து தந்தார். "வடிவாச் சாப்பிடு தம்பி," என்றார்.

சாப்பிட்டேன்.