சொல்லாமல் சேர்த்த பள்ளிக்கூடம்

“பிள்ளைக்கு வேற தீனம் வல்லதும் உண்டுமா? ஃபிட்ஸ், ஆஸ்துமா, அப்படி ஏதாவது?”

தலைமையாசிரியர் சத்தியதாஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. ஆனால் சுமிக்கு அது தங்களுக்கென்றே கேட்டது போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனு மனைவியின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய வரைபடத்தில் எதையோ தேடுவது போல் இருந்தான்.

“ஒண்ணும் இல்ல சாறே,” என்றாள் சுமி.

அவள் மகள் அஞ்சு அதற்குள் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை மூன்று முறை உருட்டி, மணியடிக்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எழுந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். சுமி மேசைக்கு அடியில் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். சார் சிரித்தார். “நல்ல சுறுசுறுப்பாக்கும்,” என்றார்.

மறைக்க வேண்டும் என்று சுமி நினைத்தவள் இல்லை. நெய்யாற்றின்கரையில் அஞ்சு ஏழு வரை படித்த பள்ளி, “இனி மேல கிளாஸ்ல பாடம் கூடும், இந்தப் பிள்ள தாங்காது, நீங்க வேற இடம் பாருங்க” என்று கைகழுவி விட்டது. அடுத்துப் போன பள்ளியில் சுமி எல்லாவற்றையும் திறந்து சொன்னாள். பிள்ளைக்கு ஏ.டி.ஹெச்.டி. உண்டு, புத்திக்குக் குறைவில்லை, ஓரிடத்தில் மனம் நிற்காது, காலையில் மாத்திரை கொடுக்கிறோம், சாதாரணப் பள்ளியில் படிப்பதே நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை அந்த நாலெழுத்து காதில் விழுந்ததும் பேனாவை மூடினார். அதுவரை இருந்த சீட் அந்த நொடியில் இல்லாமல் போனது. “அதுக்குண்டான ஸ்கூல் உண்டல்லோ” என்று அன்போடு சொல்லி அனுப்பினார். மூன்றாவது இடத்திலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனு சொன்னான்: “இனி வாயத் திறக்காத சுமி. சேத்துப் போடுவோம். பிள்ள படிச்சுக் காட்டினா பிறகு ஆரு கேக்கப் போறா?”

அப்படித்தான் காரோடு என்ற ஊரில் இருந்த இந்தப் பள்ளிக்கு வந்தார்கள். இடம் கிடைத்தது. அன்று தொடங்கிய பயம் சுமியை விடவில்லை.

சுமி ஊர் பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிறவள். கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலை இயந்திரத்தில் விட்டு, கொழுப்பு எத்தனை என்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் முழுவதும் அவள் கை பாலில் இருந்தாலும் காது போனில் இருந்தது. அஞ்சு வகுப்பில் எழுந்து நடப்பாளோ, பதில் தெரிந்ததும் டீச்சர் கேட்டு முடிக்கும் முன்னே கத்துவாளோ, யாரையாவது தள்ளி விடுவாளோ! அஞ்சு தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் குடை, ஒரு நாள் ஒற்றைச் செருப்பு. “ஷிஜா டீச்சர் இன்னைக்கும் ஏசினாவ” என்பாள், சோற்றை அள்ளிக்கொண்டே. எதற்கு ஏசினார் என்று கேட்டால் அவளுக்கு நினைவிருக்காது. ஏசியது மட்டும் நினைவிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் பெய்த மழை விட்டு வெயில் அடித்த நேரத்தில், போன் வந்தது. பேசியது அஞ்சுவின் வகுப்பாசிரியை ஷிஜா.

“அஞ்சுவுக்க அம்மையா? பிள்ள வீட்டுக்கு வந்தாளா?”

“இல்லையே டீச்சரே. என்னாச்சு?”

“இன்டர்வெல் முடிஞ்சு கிளாஸ்ல இல்ல. பாத்ரூம்ல பாத்தாச்சு, கிரவுண்டுல பாத்தாச்சு. பேடிக்காண்டாம், நீங்க ஒண்ணு வாங்க.”

பயப்பட வேண்டாம் என்று சொன்ன குரலே நடுங்கிற்று. சுமி பால் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். யாருடைய ஆட்டோவில் ஏறினாள், வழியில் மனுவுக்கு என்ன சொன்னாள் என்பதெல்லாம் பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அதியன்னூரில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த மனு, போனில் “எலே” என்று ஒரு சத்தம் மட்டும் போட்டது நினைவிருந்தது. ஆட்டோ போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் அவள் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரிந்தது. கால்வாயில் தண்ணீர், வாழைத்தோட்டத்தில் தண்ணீர். மூடியில்லாத கிணறுகள் இந்த ஊரில் எத்தனை உண்டு என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை.

சத்தியதாஸ் சார் அலுவலக வாசலில் நின்றிருந்தார். இரண்டு ஆசிரியர்களைப் பஸ் ஸ்டாப்புக்கும் பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்கும் அனுப்பியிருந்தார்.

“வீட்டுல வல்ல வழக்கும் சண்டையும் உண்டாச்சா? நீங்க அடிச்சீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சாறே.”

“போன் உண்டுமா அவளுக்கு? ஆரோடயாவது பேசுதது... பையன்மாரு...”

“சாறே, அவ குழந்தையாக்கும்!”

“நான் குத்தம் சொல்லல. ஓடிப் போற பிள்ளைங்க பஸ்ஸுக்குத்தானே போவும். ஸ்டேஷன்ல போலீசுக்கும் சொல்லியாச்சு. கொஞ்சம் பொறுங்க.”

தவறான பக்கம் தேடுகிறார்கள் என்று சுமிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அஞ்சு எதையும் விட்டு ஓடுகிறவள் இல்லை. எதன் பின்னாலாவது போகிறவள். நாலு வயதில் ஐஸ் வண்டியின் மணிச் சத்தத்தின் பின்னால் போனாள். போன வருஷம் திருவிழாவில் செண்டை மேளக்காரர்களின் பின்னால் போய், அவர்கள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வழி, நேரம், மணி, வீடு எல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு அழிந்துபோகும். டாக்டர் அதைத்தான் சொல்லிப் புரியவைத்திருந்தார்.

இதைச் சொல்ல வேண்டுமானால் அதையும் சொல்ல வேண்டும்.

சொன்னால் இந்தப் பள்ளியும் போயிற்று. சுமி அந்த இடத்திலும் தயங்கினாள். பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்று தெரியாத நேரத்தில், சீட் போய்விடுமே என்று ஒரு மூச்சளவு நேரம் தயங்கி நின்றாள். பிறகு தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“சாறே, நான் ஒரு காரியம் மறைச்சேன். எனக்க மோளுக்கு ஏ.டி.ஹெச்.டி. உண்டு. மருந்து குடிக்கா. அவ ஓடிப் போவல்ல. எதையோ பாத்து அதுக்க பின்னால போயிருக்கா. இன்டர்வெல் நேரத்துல வெளியில என்ன சத்தம் கேட்டு? ஆராவது சொல்லுங்க!”

சத்தியதாஸ் சார் மற்ற ஆசிரியர்களைத் திரும்பிப் பார்த்தார். ஷிஜா டீச்சர்தான் முன்னால் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“ட்ரோன்,” என்றார். “ரோட்டு வேலைக்காரங்க அளக்கதுக்கு விட்டது. ஜன்னலுக்க பக்கம் வந்து பறந்து. கிளாஸ் முழுக்க எழும்பி நின்னு. நான் ஏசி இருத்தினேன். அப்ப இன்டர்வெல் பெல் அடிச்சு.”

“எந்தப் பக்கம் போச்சு?”

“மேக்க.”

சார் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். “மேக்கயாக்கும் பழைய பாறைக் குவாரி,” என்றார்.

சுமி ஷிஜா டீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். தமிழ்நாட்டுப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து ரப்பர் தோட்டத்துக்குள் மண்பாதை ஓடியது. நேற்றைய மழையில் பாதை வழுக்கியது. தோட்டத்து ஓரத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் கேட்டார்கள்.

“ஒரு குட்டி போச்சு,” என்றார் அவர். “ஆகாசத்தப் பாத்துட்டே போச்சு. மோளே, எங்க போறன்னு கேட்டேன், காதுல விழல்ல.”

ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே. சுமிக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

குவாரியை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. வேலி எப்போதோ விழுந்துவிட்டது. பாறையை வெட்டியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் பச்சையாக, விளிம்புக்கு இரண்டு ஆள் உயரம் கீழே நின்றது. அந்த விளிம்பில் அஞ்சு நின்றுகொண்டிருந்தாள். தண்ணீருக்கு முதுகு. முகம் மேலே. தலைக்கு மேல் அந்த இயந்திரம் வண்டுபோல் இரைந்துகொண்டு நின்றது. அது கொஞ்சம் நகர்ந்தது. அதைப் பார்க்க அஞ்சு ஓரடி பின்னால் வைத்தாள்.

“அஞ்...” என்று ஷிஜா டீச்சர் தொடங்கினார்.

சுமி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். டீச்சர் திமிறினார். சுமி விடவில்லை. திடீரென்று சத்தம் கேட்டால் அஞ்சு துள்ளுவாள். வீட்டில் குக்கர் விசிலுக்கே துள்ளுகிறவள். சுமி தலையை மட்டும் அசைத்து, வேண்டாம் என்று காட்டிவிட்டு முன்னால் நடந்தாள். ஓடக் கூடாது. காலடியில் சரளைக்கல் உருண்டது. ஒவ்வொரு முறை உருளும்போதும் நின்று, அஞ்சு திரும்புகிறாளா என்று பார்த்துவிட்டு நடந்தாள். பக்கவாட்டில் போய், அஞ்சுவின் கண்ணில் படும் இடத்துக்கு வந்து, கையை நீட்டி மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகும் கூப்பிடவில்லை. இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு நாலைந்து அடி உள்ளே வந்தாள்.

“அம்மா!” என்றாள் அஞ்சு, சந்தைக்கு வந்த இடத்தில் பார்த்தது போல. “அதுக்கு நாலு காத்தாடி உண்டு, கேட்டியா? காத்து அடிச்சா ஒண்ணுக்க சத்தம் மட்டும் மாறுது. நீ எப்ப வந்த?”

பிறகு அவள் கண் பின்னால் இருந்த தண்ணீரில் விழுந்தது. அங்கிருந்து டீச்சரிடம் போனது. டீச்சர் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“டீச்சர் எதுக்கு அழுதாவ? நான் என்ன செய்தேன்?”

சுமி பிடித்த மணிக்கட்டை விடாமல் அவளை ஸ்கூட்டர் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மனு தெளிவாக இருந்தான். “அவங்க சொல்லதுக்கு முன்ன நாமளே டி.சி. கேட்டு வாங்கிருவோம். மானமாவது மிச்சம் இருக்கும்.”

அஞ்சு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். “இனி எந்த ஸ்கூலு?” என்று கேட்டாள். அழவில்லை. பஸ் எது என்று கேட்பது போலக் கேட்டாள். மனு செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

மூவரும் போனார்கள். அறையில் சத்தியதாஸ் சாரும் ஷிஜா டீச்சரும் இருந்தார்கள். அஞ்சுவை வகுப்புக்குப் போகச் சொன்னார் சார். கதவு சாத்தியதும் டீச்சர் வெடித்தார்.

“ஒரு மாசமா நான் இந்தப் பிள்ளைய ஏசுதேன். திமிராக்கும்னு நெனச்சேன். வெளிய நிறுத்தினேன், எல்லாவருக்கும் முன்ன வச்சு நாணங்கெடுத்தினேன். அவளால முடியாத ஒண்ணுக்கு. எனக்குத் தெரியாம என்ன இதெல்லாம் செய்ய வச்சது நீங்களாக்கும்! நேத்து நீங்க எனக்க வாயப் பொத்தலன்னா நான் கூப்பாடு போட்டிருப்பேன். பிள்ள தண்ணிக்குள்ள போயிருப்பா. எனக்குத் தெரிய வேண்டாமா?”

சுமி தலையைக் குனிந்துகொண்டாள். “சொன்ன இடத்துல எல்லாம் கதவ அடச்சாவ டீச்சரே,” என்றாள்.

“சாறே, டி.சி. தந்தா...” என்று மனு தொடங்கினான்.

“நானும் அதத்தான் நெனச்சேன்,” என்றார் சத்தியதாஸ் சார். “பொய் சொல்லல்ல. எனக்குப் பேடி உண்டு. நேத்து வல்லதும் ஆயிருந்தா நான் இந்த நாற்காலியில இருக்க மாட்டேன். வாட்ச்மேன் கெடையாது இங்க. ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிறகு யோசிச்சேன். நான் அனுப்பினா நீங்க வேற ஸ்கூலுக்குப் போவீங்க. அங்கயும் மறைப்பீங்க. அந்த ஸ்கூலுக்க பக்கத்துலயும் ஒரு கொளம் இருக்கும்.”

கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“இருக்கட்டும் அவ,” என்றார். “நல்லா ஆக்கித் தருவேன்னு வாக்குக் குடுக்க மாட்டேன். முடிஞ்சத செய்வோம். ஆனா நீங்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்து எல்லாவரிடத்தும் சொல்லணும். அவ எப்ப எப்படி ஆவா, அப்ப என்ன செய்யணும், என்ன செய்யப்பிடாதுன்னு. நேத்து எங்களுக்குத் தெரியாததெல்லாம்.”

முன்பின் தெரியாத அத்தனை டீச்சர்மார் முன்னால் நின்று பேசி சுமிக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போனாள். தூரத்திலிருந்து கூப்பிட வேண்டாம், பக்கத்தில் போய்த் தொட்டுப் பேசுங்கள் என்றாள். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொன்னால் மூன்றும் போய்விடும், ஒன்றொன்றாகச் சொல்லுங்கள் என்றாள். கொஞ்சம் எழுந்து நடக்க விட்டால் பிறகு உட்காருவாள் என்றாள். ஒரு கணக்கு சார் மட்டும், “அடி கொள்ளாத குறையாக்கும், நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இளம் டீச்சர் ஒருவர் மாத்திரை பசியைக் கெடுக்குமா என்று கேட்டார். அஞ்சு மதியச் சோற்றை அப்படியே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறாராம். அதை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே சுமிக்குப் புதிதாக இருந்தது.

அஞ்சுவின் இடம் ஜன்னலிலிருந்து டீச்சர் மேசை பக்கம் மாறியது. ரிஜிஸ்டர் கொண்டுபோவதும் சாக்பீஸ் வாங்கி வருவதும் அவள் வேலையாயிற்று. இடைவேளையில் கூட இருக்க ஒரு தோழி ஏற்பாடானாள். சண்டை போட்டு அவள் பிரிந்துபோக, வேறொருத்தி வந்தாள். ஓணப் பரீட்சையில் கணக்கு போயிற்று, மற்றவை தேறின. ஒரு நாள் கோபத்தில் ஒரு பையனின் டிபன் பாக்ஸை எறிந்தாள். அன்று ஷிஜா டீச்சர் போன் செய்து, நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, “நாளைக்கு வழக்கம் போல அனுப்புங்க” என்றார்.

பயம் சுமியை விட்டுப் போகவில்லை. வானம் கறுத்தால், குவாரியில் தண்ணீர் ஏறுமே என்று இப்போதும் அவள் போனை எடுத்துப் பார்க்கிறாள். ஐப்பசி மழை கொட்டிய ஒரு நாள் மாலை, நனைந்து வந்த அஞ்சு தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

“மழ பெய்தா சத்தியதாஸ் சார் இன்டர்வெல்லுக்குக் குடையும் பிடிச்சுட்டு கேட் வாசல்ல வந்து நிக்காரு. பெல் அடிச்சு எல்லாவரும் உள்ள போன பிறகுதான் போறாரு. சாருக்கு மழன்னா ரொம்ப இஷ்டம் போல.”