பூ, மலை, லோரி

அந்தப் படிவத்தைத் தமிழில் எழுத உமாதேவி இரண்டு வாரம் மெனக்கெட்டாள். தனியாக வாழும் முதியவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்கிற படிவம் அது. மலாய் மொழியில் இருந்ததை அப்படியே வாசித்தால் தோட்டத்துப் பெரியவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள் என்று தொண்டு நிறுவனக் கூட்டத்தில் எழுந்து சண்டை போட்டவளே அவள்தான். "நம்ம ஆளுங்கள நம்ம முறையிலதான் கேக்கணும்" என்றாள். கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டிய மூன்று சொற்களைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆப்பிளையும் ரயிலையும் பியானோவையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பூ, மலை, லோரி என்று வைத்தாள்; தோட்டத்தில் லாரியை லோரி என்றுதான் சொல்வார்கள். கிள்ளான் பட்டணத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பாடுபட்டவள், இருந்துவிட்டுப் போகட்டும்.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து அரைமணி நேரம் தேயிலைச் சரிவுக்குள் வளைந்து வளைந்து போனால் ஒரு தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கடைசி வீட்டில் ருக்குமணி இருந்தாள். பதினேழு வயதில் கழுத்தில் தாலியோடு கப்பலேறி வந்தவள். இப்போது எண்பத்திரண்டு. கையில் இன்னும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி அட்டைதான்; நாற்பது வருடம் இந்த மண்ணில் கொழுந்து கிள்ளியவளுக்குக் குடியுரிமை மட்டும் வந்துசேரவில்லை. பிள்ளை இல்லை. கணவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது.

படிவத்தில் பத்துக்கு ஏழு வாங்கினால் தினமும் மதியச் சாப்பாடு வீடு தேடி வரும், வாரம் ஒருமுறை நர்ஸ் வருவார். ஏழுக்குக் குறைந்தால் தனியாக இருக்கத் தகுதியில்லை என்று எழுதவேண்டும். எழுதிவிட்டால் தோட்டத்து மானேஜர் வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார், கிழவியை ஈப்போவில் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவார்கள்.

ருக்குமணிக்கும் அது தெரியும். பால் ஊற்றாத தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னாள்; பேனா பிடித்து எழுதுகிறவர் எல்லாரும் அவளுக்குத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணிதான். "என்ன வேணாலும் கேளுங்க கிராணிம்மா. இந்த வீட்ட விட்டு மட்டும் என்ன அனுப்பிடாதீங்க."

"அதுக்கெல்லாம் பயப்படாதீங்க பாட்டி. சும்மா பேசப்போறோம், அவ்ளோதான்."

கிழமை கேட்டாள். சரியாக வந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும்போது கங்காணியையே மடக்கியவள் ருக்குமணி, கடகடவென்று சொன்னாள். வருடம் மட்டும் உண்மையிலேயே தெரியவில்லை.

"இது எந்த ஊரு பாட்டி?"

"மேடு. மேட்டு ஊரு."

"பேரு சொல்லுங்க."

"எல்லாரும் சொல்ற பேருதாம்மா" என்று ருக்குமணி சிரித்தாள்.

"சரி, தாத்தா பேரு என்ன?"

கிழவி சுவரைப் பார்த்தாள். அங்கே பிளாஸ்டிக் மாலைக்குள் மீசைக்காரர் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அதோ இருக்காரே" என்றாள். உமா இன்னொரு தடவை கேட்டாள். கிழவி மறுபடி படத்தையே கைகாட்டினாள். 'கணவர் பெயர் நினைவில் இல்லை' என்று எழுதினாள். எழுதும்போது பாவமாகக்கூட இருந்தது அவளுக்கு.

கடைசியாக அந்த மூன்று சொற்கள்.

"பூ, லோரி" என்றாள் ருக்குமணி. "நடுவுல ஒண்ணு... மேடு."

பத்துக்கு ஆறு. உமா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு மார்க். நாமே விதி செய்துவிட்டு நாமே மீறக்கூடாது என்று நேர்மையாக ஆறு என்றே எழுதினாள். வெள்ளிக்கிழமை வேன் வந்தது. ருக்குமணி அழவில்லை. "நான் எதும்மா தப்பா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து, கிழவியின் சாமான்கள் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க உமா அதே லயத்துக்குப் போனாள். கடைசி வீட்டு வாசலில் நான்கு ஜோடி ரப்பர் பூட்ஸ். வெளிநாட்டு வேலையாட்கள் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி பழந்துணியில் சுற்றிய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வீட்ட கிளீன் பண்ணப்ப எடுத்து வச்சேன் லா. மலையப்பன் தாத்தா படம்."

"பாட்டிக்கு அவர் பேரே மறந்துபோச்சுக்கா."

யோகேஸ்வரி முறைத்தாள். "மறக்குறதா? புருஷன் பேர வாயில எடுக்காத மனுஷி அது. மலைன்னுகூட சொல்லாது. கேமரன் மலைய மேடுன்னுதான் சொல்லும், நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம். 'அவர்தான் போயிட்டாரே, இன்னும் என்ன'ன்னு கேட்டா, 'நான் இருக்கேன்ல'ங்கும்."

உமாவுக்குத் தெரியாத வழக்கமா இது? அவளுடைய சொந்த அம்மாச்சி முருகன் கோயிலை 'மாமா பேரு சாமி கோயில்' என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவள்தான். படிவம் கைக்கு வந்ததும் எல்லாம் போயிற்று. அன்றைக்கு அந்த வீட்டில் ஞாபகமில்லாமல் உட்கார்ந்திருந்தது ருக்குமணி இல்லை.

நேராக மானேஜரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "வீடு குடுத்தாச்சும்மா. இருக்கிறவங்கள எங்க அனுப்ப?" என்றார். வேறு வீடு காலியில்லை. தொண்டு நிறுவனத் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வீடில்லாதவருக்கு வீடு தேடிச் சாப்பாடு எப்படி அனுப்புவது என்றார்கள்.

மறுநாள் ஈப்போவுக்குப் போனாள், படத்தை மடியில் வைத்துக்கொண்டு. வழியெல்லாம் மன்னிப்பு கேட்கும் சொற்களைத் தேடினாள்.

இல்லத்தின் கூடத்தில் புழுங்கியது. யார் யாரோ பெரியவர்கள் சீனத்தில் ஓடிய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருக்குமணி இளைத்திருந்தாள். பேசத் தமிழ் ஆள் யாரும் இல்லை, பாதி நேரம் தனக்குத்தானே முணுமுணுக்கிறாள் என்று பணிப்பெண் மலாயில் சொன்னாள். உமாவைக் கண்டதும் கிழவி கைத்தடியை ஊன்றி எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க நிற்கும் பிள்ளையைப் போல நிமிர்ந்து நின்றாள்.

"பாட்டி, நான்..."

"இருங்க கிராணிம்மா, மறுபடி கேட்டு என்ன குழப்பாதீங்க. யோசிச்சு வச்சிருக்கேன்." கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஊரு, கேமரன் மலை. மூணு சொல்லு, பூ, மலை, லோரி. அவரு பேரு..." வாயைப் பொத்தப் போன சேலை முனையை இறக்கினாள். "மலையப்பன்."

அறுபத்தைந்து வருடம் காத்த சொல். சொல்லிவிட்டு இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள். கண்ணீர் விரல்வழியே இறங்கியது.

"சரியாத்தானே சொன்னேன்? இப்ப வீட்டுக்குப் போலாந்தானே?"

உமா அவளைப் பிடித்து உட்காரவைக்கக் கை நீட்டினாள். இன்னொரு கையிலிருந்த படத்தின் துணி விலகி, பிளாஸ்டிக் மாலை வெளியே தெரிந்தது. ருக்குமணி அதைப் பார்த்தாள்.

"அவர எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் பதறிப்போய். "அங்கேயே இருக்கட்டும். நான்தான் வரப்போறேனே."