ஷெல்பி வாங்கிய தோட்டா

ஒஹாயோவில் மான் வேட்டை வாரம் பிறந்தால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. காயம்பட்டு ஓடிய மானை மோப்பம் பிடிக்க என் நாய் டில்லி வேண்டும். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: நான் சரியாகத்தான் சுட்டேன், மான்தான் ஓடிவிட்டது. ஏதோ மான் குற்றம் செய்துவிட்ட மாதிரி! பெட்டி மேல் இருக்கிற படத்தைப் பார்த்துத் தோட்டா வாங்கிவிட்டு மானைக் குறை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் திங்கட்கிழமை கூப்பிட்டது ஒரு பெண்.

"வெர்னா அக்கா, நான் ஷெல்பி, வெண்டெல் மருமக. காலைல ஒரு கொம்பு மானைச் சுட்டேன். தவற விட்டுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. பட்டுச்சுக்கா, எனக்குத் தெரியும். கொஞ்சம் வர்றீங்களா?"

போய்ச் சேர்ந்தபோது வேட்டைக் குடிலின் வாசலிலேயே நின்றிருந்தாள். சட்டையின் பின்பக்கத்தில் ஒரு முழத்துணியைக் காணோம். மானைத் தவற விட்டவரின் சட்டை வாலை வெட்டி, பெயரெழுதிச் சுவரில் ஆணி அடிப்பது இந்தப் பக்கத்துக் குடில்களில் பழைய வேடிக்கை. வெண்டெலின் குடிலில் அது வேடிக்கையோடு நிற்பதில்லை. முதல் வருஷமே சட்டை வெட்டுப்பட்டால் அடுத்த வருஷம் காட்டில் இடம் கிடையாது, அடுப்படிதான். தன் வீட்டு ஆண்களோடு காட்டுக்குப் போக அந்தப் பெண் இரண்டு வருஷமாகச் சுட்டுப் பழகியிருந்தாள்.

உள்ளே கிண்ணம் நிறைய பீன்ஸ் கறியை வைத்துக்கொண்டு வெண்டெல் சிரித்தான்.

"வா வெர்னா. மானைத் தேட வந்தியா, இல்ல என் மருமகளோட மானத்தைத் தேட வந்தியா?"

"ரெண்டையும்தான். நீயும் எழுந்து வா. உக்காந்தே தொப்பை வச்சிடுச்சு."

அவன் மகன் கர்ட்டிஸ், அதாவது ஷெல்பியின் புருஷன், தட்டைப் பார்த்தபடி இருந்தான். பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவன் மேலும் வந்தது கோபம்.

நாலு பேரும் காட்டுக்குள் போனதும் ஷெல்பி மான் நின்ற இடத்தைக் காட்டினாள். டில்லி மூக்கைத் தரையில் வைத்ததும் வால் விறைத்தது. காய்ந்த இலைகளின் மேல் முடிக்கற்றை, சின்ன எலும்புச் சில்லு, கொஞ்சமே கொஞ்சம் ரத்தம்.

"பாத்துக்கோ வெண்டெல். தவற விட்ட குண்டுக்கு எலும்புச் சில்லு எங்கேருந்து வந்துது? தோள்ல பட்டிருக்கு, உள்ள இறங்கல."

"அப்பவே சொன்னேன்ல? பொம்மைத் துப்பாக்கி!"

அது பொம்மை இல்லை. கைத்துப்பாக்கிக்குப் போடுகிற .357 தோட்டாவையே போட்டு, விசைக்குக் கீழே இருக்கிற லீவரை இழுத்து இழுத்துச் சுடும் நீளத் துப்பாக்கி. நல்ல தோட்டா போட்டு, கிட்டத்தில் நிற்கிற மானைச் சுட்டால் தாராளமாக விழும். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"நீ என்ன தோட்டாம்மா வாங்கின?" என்றேன்.

"நல்ல எடையான குண்டுக்கா, கெட்டி ஈயம். துப்பாக்கியோட தோட்டாக் குழாய்க்குள்ள ஒண்ணோட மூக்கு இன்னொண்ணோட முதுகுல இடிச்சிட்டு நிக்கும், கூர்மூக்கு குத்தினா உள்ளேயே வெடிச்சிடலாம், அதான் தட்டை மூக்கா எடுத்தேன். எலும்பை ஒடச்சு அந்தப் பக்கம் போகணும்னு கேட்டுக் கேட்டு வாங்கினேன்."

அதைவிடச் சரியாக யாரும் வாங்க முடியாது. அப்படியானால் எலும்பில் ஏன் நின்றது? "லீவரை இழு" என்றேன். இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளி இலைமேல் விழுந்தது. குட்டைக் குண்டு, மூக்கில் பள்ளம்.

ஷெல்பி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னுது இல்ல."

வெண்டெல் தொண்டையைக் கனைத்தான். புதிதாக வருகிறவரின் துப்பாக்கியில் முதல் நாள் தோட்டா போடுவது அந்தக் குடிலில் தலைவரின் உரிமை. பெரிய மரியாதையாம்!

"நான்தான் மாத்திப் போட்டேன். நீ வாங்கினது பொம்பளப் பிள்ளைக்கு ரொம்ப ஓவரு. தோள்ல உதைக்கும். என் கட்டிலோரத்து ரிவால்வர்ல இருந்ததை எடுத்துப் போட்டேன். ரெண்டும் அதே .357தானே? உள்ள போகுதுல்ல?"

"சாக்ஸும் காலுக்குள்ள போகுது, அதோட பனியில நடப்பியா?" என்று கத்தினேன். டில்லியே திரும்பிப் பார்த்தது. "அது நடைவழியில வர்ற திருடனுக்குச் செஞ்ச குண்டு, வெண்டெல்! குட்டைக் குழல்ல மெதுவாப் போய் விரியணும். இந்த நீளக் குழல்ல அதையே விட்டா பிச்சுக்கிட்டுப் போகும், எலும்புல பட்ட உடனே மண்ணாங்கட்டி மாதிரி உதிரும். சரியானதை வாங்கினவ கையிலேருந்து பிடுங்கிட்டு, தப்பானதைப் போட்டுட்டு, அவ சட்டையை வேற வெட்டினியே! வெக்கமா இல்ல?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று முணுமுணுத்தான். இந்த நல்லதுக்குச் செய்கிறவர்களிடமிருந்து கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

"என் தோட்டா எங்க மாமா?" என்றாள் ஷெல்பி. சத்தம் போடவில்லை.

கோட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்தான். கடையில் திருப்பிக் கொடுக்கலாமென்று வைத்திருந்தானாம். அவள் மீதியிருந்த குட்டைத் தோட்டாக்களை எல்லாம் வெளியே தள்ளி மாமனார் கையில் கொட்டிவிட்டு, தன்னுடையதை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

டில்லி ஓடையைத் தாண்டி, முள்ளுப்புதருக்குள் இழுத்துக்கொண்டு போனது. மான் அங்கே படுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழ முயன்றது, முன்கால் மடங்கிச் சரிந்தது. காலையிலிருந்து அந்த வலியோடு கிடந்திருக்கிறது.

வெண்டெல் தன் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். "நான் முடிச்சிடறேன். நீ தள்ளிக்கோ."

"இறக்குங்கப்பா" என்றான் கர்ட்டிஸ். அன்று அவன் வாயைத் திறந்தது அப்போதுதான். "அது அவ மான்."

ஷெல்பி ஒரே ஒரு முறை சுட்டாள். மான் அதற்குப் பிறகு அசையவில்லை.

தோலை உரிக்கும்போது எல்லோரும் பார்த்தார்கள். காலையில் பட்ட குண்டு தோள் எலும்பின் மேலேயே பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது. அவளுடைய குண்டு இரண்டு தோளையும் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது.

வெண்டெல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாயில் வராது என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"நல்ல சரக்குதான்" என்றான். "அடுத்த வருஷம் உனக்கு நானே இதுல ரெண்டு பெட்டி வாங்கிப் போட்டுடறேன்."

ஷெல்பி கத்தியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு வாங்கிக்கோங்க மாமா. என் துப்பாக்கியை நீங்க இனி தொடவே கூடாது."